ரயில் வராத ஊரில் ரயில் கட்டும் பிள்ளைகளுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மில் குடோன் மாடியில் நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் மாதிரி ரயிலைப் பார்த்துவிட்டுப் போனவன் எழுதுகிறேன். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, "எப்படிங்க பெரியப்பா இருக்குது?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்குதுங் கண்ணு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். முத்தூர் தாண்டுவதற்குள் அந்தப் பதில் என்னை உறுத்த ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஆசைக்கு அது போதாத பதில். அதனால்தான் இந்த மடல்.

கைவேலை சுத்தமாக இருக்கிறது. ஒயர் இழுத்த விதத்தைக் குனிந்து பார்த்தேன். முப்பது வருஷம் தறி ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், குறை சொல்ல இடமில்லை. ஆனால் எட்டடிக்கு நாலடி பலகையில் நீங்கள் கட்டியிருப்பது ஆல்ப்ஸ் மலை. தெர்மாகோல் சிகரம், அதன் உச்சியில் வெள்ளைப் பெயிண்டில் பனி, ஊசியிலை மரங்கள், ஒரு ஜெர்மன் எஞ்சின், முட்டை வடிவில் ஒரு தடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஜன்னல் வழியாக வெளியே கண் போயிற்று. களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் இரண்டு பனை, ஒரு கிளுவை வேலி, வேலிக்குள் வெள்வேல மர நிழலில் படுத்திருந்த மாடு. பலகையில் அது எதுவுமே இல்லை. உங்களில் ஒருவர்கூடப் பனியைத் தொட்டுப் பார்த்ததில்லை. கிளுவை முள் குத்தாத கால் ஒன்றுகூட அந்த அறையில் இருந்திருக்காது.

நம் ஊருக்கு ரயிலைக் கொண்டுவாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

நம் வெள்ளகோவிலுக்கு ரயில் கிடையாது. வடகிழக்கே கொடுமுடி, வடமேற்கே திருப்பூர், தெற்கே பழனி என்று எந்தத் திசையில் போனாலும் பஸ்ஸில் போய்த்தான் ரயிலைப் பார்க்க வேண்டும். ஈரோட்டிலிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு ஒரு பாதை வேண்டும் என்ற பேச்சை நான் இளந்தாரியாக இருந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். பேச்சு இருக்கட்டும். உங்கள் கையில் பிளைவுட்டும் தண்டவாளமும் இருக்கிறது. கல்லும் இரும்பும் வராத இடத்துக்கு உங்களால் ரயில் விட முடியும்.

இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்று ஒரு பாதிரியார். பக்கிங்ஹாம் என்ற நிஜமான ஊருக்கு, அங்கே போகவே போகாத ஒரு ரயில்வே கம்பெனியின் கிளைப்பாதை போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று 1940களில் கட்டத் தொடங்கினார். காலம் 1907 என்று வைத்துக்கொண்டார். எஞ்சின், பெட்டி, கைகாட்டி, ஸ்டேஷன் எல்லாமே அந்த ஆண்டுக்கு ஒத்திருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். பாதை பொய். ஆனால் அதில் இருந்த பொருள்கள் நிஜத்தைப் பார்த்துச் செய்தவை. அதனால்தான் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நீங்களும் அதே வழியில் போகலாம்.

1928ல் திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்கு மீட்டர் பாதை வந்தது. அந்தச் சூட்டோடு தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காரர்கள் பழனியிலிருந்து வடக்கே தாராபுரத்துக்கும், அங்கிருந்து வெள்ளகோவிலுக்கும் ஒரு கிளை போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளகோவில்தான் கடைசி ஸ்டேஷன். போட்டிருக்கக் காரணமும் உண்டு: பருத்தி, கடலை எண்ணெய், தேங்காய், கண்ணபுரம் மாட்டுச் சந்தை, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குத் திரளும் கூட்டம். இத்தனை சரக்கும் சனமும் நம்மிடம் இருந்தன. ரயில் ஒன்றுதான் இல்லை.

மீட்டர் பாதையை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் காரணம் கணக்கு. உங்கள் பலகையில் இருப்பது ஹெச்ஓ அளவு: நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு. அந்தத் தடத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் பாதையின் அகலம் அது. நம் அகலப் பாதை 1676 மி.மீ. ஆகவே நீங்கள் அடுத்தபடியாகச் செய்யப்போவதாகச் சொன்ன ஐசிஎஃப் பெட்டியை அந்தத் தடத்தில் வைத்தால், பெட்டி சரியாக இருக்கும், அடியில் கால்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிஜத்தில் 24 சென்டிமீட்டர் குறைவு. பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு ஓர் அழகான விடை உண்டு. எனக்கு அது பிடிபட்ட ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் அகலப் பாதை ஐந்தரை அடி. ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று அளவு வைத்துக்கொண்டால், ஐந்தரையை மூன்றால் பெருக்குங்கள்: 16.5. அந்தச் சாதாரணத் தடமே கச்சிதமாக நம் அகலப் பாதை ஆகிவிடுகிறது, அரை மயிரிழை பிசகில்லாமல். 101.6ல் ஒரு பங்கு என்ற அளவு அது. பின்னொரு நாள் ஈரோடு லோகோ ஷெட்டின் மின்சார எஞ்சின்களைச் செய்ய ஆசைப்பட்டால் இந்த அளவை நினைவில் வையுங்கள். தடம் கடையில் கிடைக்கும். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

மீட்டர் பாதைக்கு அந்தப் பாடு இல்லை. 87ல் ஒரு பங்கில் ஒரு மீட்டர் என்பது 11.5 மி.மீ. சுவிஸ் மலை ரயில்களுக்காக 12 மி.மீ. தடம் தயாராகவே விற்கிறார்கள். அரை மி.மீ. வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. ரயிலும் குட்டி. மீட்டர் பாதைப் பெட்டி ஒன்று ஏறக்குறைய இருபது மீட்டர். மாதிரியில் 23 சென்டிமீட்டர். நாலு பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. உங்கள் அறையின் பதினாறு அடிச் சுவரில் ஒரு முழு ஸ்டேஷனே அடங்கிவிடும். வளைவும் அப்படித்தான். மீட்டர் பாதையில் 109 மீட்டர் ஆரம் வரை இறுக்கமாக வளைக்க அனுமதி உண்டு. மாதிரியில் அது ஒன்றேகால் மீட்டர். உங்கள் முட்டைத் தடத்தின் வளைவு 36 சென்டிமீட்டர். நிஜத்தில் 31 மீட்டர் ஆரம். இவ்வளவு நீளப் பெட்டி கொண்ட எந்த ரயிலும் அதில் திரும்பாது. பெட்டிகள் வளைவில் உடம்பை வெளியே தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து நீங்களே முகம் சுளித்தீர்களே, காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கணக்கு இல்லை. என் அப்புச்சி ஊர் உடுமலைப் பக்கம். பரீட்சை லீவு விட்டதும் பொள்ளாச்சியில் ரயில் ஏற்றிவிடுவார்கள். எஞ்சினுக்குப் பின்னால் முதல் பெட்டியில் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழும் என்று அப்புச்சி கடைசிப் பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போவார். நான் அழுது முதல் பெட்டிக்கே திரும்புவேன். ஸ்டேஷனில் வண்டி நிற்கும் முன்பே, டிரைவர் கையை நீட்டி ஒரு பிரம்பு வளையத்தைக் கீழே விடுவார், போர்ட்டர் தோளில் வாங்கிக்கொள்வார். வளையத்தில் தொங்கும் தோல் பையில் ஓர் இரும்புப் பந்து. ஒற்றைத் தடத்தில் அந்தப் பந்து கையில் இருக்கிற வண்டிக்குத்தான் வழி. அது இல்லாமல் எதிரே இன்னொரு வண்டியைப் புறப்படவிட எந்த ஸ்டேஷன் மாஸ்டராலும் முடியாது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது அந்த வளையம் தோளில் விழுகிற சத்தம்தான் எனக்கு ரயில்.

அந்தப் பாதை இப்போது இல்லை. 2015 தொடக்கத்தில் பழனி–பொள்ளாச்சி அகலப் பாதையாகத் திறந்தது, 2017ல் போத்தனூர் வரை. ஊருக்கு அது நல்லதுதான். பாலக்காட்டுக்கும் சென்னைக்கும் நேரே வண்டி போகிறது. ஆனால் மீட்டர் பாதையில் கேட்கீப்பராக, பாயிண்ட்ஸ்மேனாக, ஃபயர்மேனாக இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது வயது என்ன என்று எண்ணிப் பாருங்கள். எந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, கூட்ஸ் ஷெட்டின் கதவு எந்தப் பக்கம் தள்ளும், லாம்பு ரூமுக்கு என்ன நிறம் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் தலையில்தான் இருக்கிறது. நீங்கள் ஞாயிறுதோறும் கூடுகிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பலகையைத் தொடாமல் உடுமலைக்கும் பழனிக்கும் போய் அவர்களைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கட்டி முடிக்காவிட்டாலும் அந்த நோட்டு மிஞ்சும்.

அளப்பதற்கும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்றும் ஓடுகிற மீட்டர் பாதை ஒன்றே ஒன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போவது. 45.88 கி.மீ., 16 குகை, 208 வளைவு. 1899ல் குன்னூர் வரைக்கும் 1908ல் ஊட்டி வரைக்கும் திறந்தது. டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நில்லுங்கள். தண்டவாளத்தின் உயரம், ஸ்லீப்பர் இடைவெளி, பிளாட்பாரத்தின் விளிம்பு எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும். அனுமதி கேட்டுவிட்டு அளந்துகொள்ளுங்கள். திருச்சியிலும் சென்னை ஐசிஎஃப் பக்கத்திலும் ரயில் அருங்காட்சியகங்கள் உண்டு. அங்கேயும் போய் வாருங்கள்.

"அப்புறம் ஏன் நீலகிரி ரயிலையே கட்டக் கூடாது?" என்று கேட்பீர்கள். நானும் ஆசைப்பட்டவன்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் பாதை. நடுவில் பல் தண்டவாளம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் பட்டறையில் வடிவமைத்த எக்ஸ் வகை எஞ்சின். இரண்டு சிலிண்டர் சக்கரத்தை உருட்ட, இன்னும் இரண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும். வண்டியை இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். பொன்மலைப் பட்டறையில் இந்த நூற்றாண்டிலும் அந்த வகையில் புது எஞ்சின் கட்டியிருக்கிறார்கள். அதைச் சின்னதாகச் செய்வது கடிகாரம் செய்கிற மாதிரி வேலை. முதல் வேலையாக அதில் கை வைத்தால் ஒரு வருஷத்தில் சோர்ந்துவிடுவீர்கள். பத்து வருஷம் கழித்துச் செய்யுங்கள்.

காலத்தை முடிவு செய்யுங்கள். வருஷம் மட்டும் போதாது, மாதமும் வேண்டும். 1951க்கு முன்னால் என்றால் வண்டியில் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்து. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மூன்று ரயில்வேக்களைச் சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். அதன் பிறகு எழுத்து வேறு. ஸ்டேஷன் பலகையில் கடல்மட்ட உயரம் அடியிலா மீட்டரிலா என்பதும் ஆண்டைப் பொறுத்தது. இந்தி எழுத்தின்மேல் தார் பூசியிருந்ததா என்பதும் ஆண்டைப் பொறுத்ததுதான். என்னைக் கேட்டால் 1965, சித்திரை மாதம். அப்போது ஒய்பி வகை நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலரை அடிச் சக்கரம், மாதிரியில் 16 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைப்பதும் இன்னும் நின்றுவிடவில்லை. சித்திரையில்தான் கண்ணபுரத்தில் தேர், மாட்டுச் சந்தை. உங்கள் கூட்ஸ் ஷெட் பக்கம் மாட்டு வேகன் நாலு நிற்கலாம். கொங்குச் சீமைக்கே உரிய ரயில் என்று ஒன்று இருந்திருந்தால், அது சந்தை முடிந்து மாடு ஏற்றிக்கொண்டு புறப்படுகிற அந்த ரயில்தான்.

மாதம் முடிவானால் நிலத்தின் நிறம் முடிவாகிவிடும். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை நீங்கள் நினைத்தபடி பச்சையாகப் போட முடியாது. சித்திரையில் கொழுக்கட்டைப் புல் வைக்கோல் நிறத்தில் இருக்கும். கிளுவை இலை உதிர்த்துவிட்டுச் சாம்பல் நிறக் குச்சியாக நிற்கும். வெள்வேல மரத்தின் அடிமரம் மஞ்சள் கலந்த வெளுப்பு; உச்சி குடை மாதிரி தட்டையாக விரியும். இதற்காக வெளிநாட்டுப் புல் பாக்கெட் வாங்க வேண்டாம். தென்னை நார்த்தூளை மாவுச் சல்லடையில் சலித்துச் சாயம் போட்டால் அதைவிட நல்ல காட்டு மண் கிடையாது. நார் மில்லில் கேட்டால் ஒரு கோணி சும்மாவே கொடுப்பார்கள். கிளுவைக்கு நாரையே கொத்தாக வெட்டி நடுங்கள். பனையின் உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள். எல்லாரும் மரத்தைக் குட்டையாகச் செய்கிறார்கள். இருபது மீட்டர்ப் பனை மாதிரியில் 23 சென்டிமீட்டர், ஒரு முழுப் பெட்டியின் நீளம். அந்த உயரத்தில் நாலு பனை நின்றால்தான் நம் வானம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஜல்லிக்கு கிரஷர் தூள். ரயில்வே போடும் ஜல்லி பெரியது 65 மி.மீ.; 87ல் ஒரு பங்கு முக்கால் மி.மீ. டீ வடிகட்டியில் சலித்தால் அந்தப் பருமன் கிடைக்கும். தடத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஃபெவிக்கால் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் விளக்கும் சோப்பு இரண்டு சொட்டு கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் இறங்காமல் உருண்டு நிற்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு, இதை மட்டும் மறக்காதீர்கள்: தூளையும் செம்மண்ணையும் தாளில் பரப்பி ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மேலே ஓட்டுங்கள். காந்தத்தில் கறுப்பாக ஒட்டுவதைப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். அத்தனையும் இரும்புத் துகள். தடத்தில் கிடந்தால் மோட்டாருக்குள் ஏறிவிடும். என் முதல் எஞ்சின் அப்படித்தான் போயிற்று. நான் ஆசையாக அள்ளிவந்த செம்மண்தான் அதைக் கொன்றது.

தறி ஊரில் இன்னொரு எதிரி பஞ்சுத் தூசி. உங்கள் மாடிக்குப் பக்கத்தில் தறிக்குடோன் ஓடுகிறது. ஒரு வாரம் மூடாமல் விட்டால் அச்சில் நூல் சுற்றிய மாதிரி சக்கர அச்சிலும் சுற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பழைய பெட்ஷீட் போட்டு மூடுங்கள். தண்டவாளத்தை எண்ணெயால் துடைக்காதீர்கள், தூசி ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது.

தகரக் கூரை வேறு. சித்திரை வெயிலில் உங்கள் அறை காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி ஏறும். மூன்று மீட்டர்த் தடம் அதில் ஒரு மி.மீ. நீளும். கேட்க அற்பம். நான் இடைவெளி விடாமல் முட்டமுட்டப் பூட்டிப் பற்றவைத்தேன். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தபோது தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து பலகையை விட்டுக் கிளம்பியிருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடம் விடுங்கள். மின்சாரத்துக்கு அந்த இணைப்பை நம்ப வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் கீழிருந்து தனி ஒயர் கொடுங்கள்.

மலையை எடுத்துவிடச் சொல்கிறேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் குகை வைத்தது ரயில் மறைவதற்கு. நம் ஊர் தட்டை. தாராபுரம் போகிற வண்டி பலகையின் ஓரத்தில் எங்கே மறையும்? ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாராபுரம் ரோட்டை ரயில்பாதைக்கு மேலே ஒரு கல் பாலத்தில் ஏற்றுங்கள். பாலத்துக்கு இருபுறமும் ரோட்டோரப் புளியமரம், அடர்த்தியாக. வண்டி பாலத்தின் அடியில் நுழைந்து புளிய நிழலில் கரைந்துவிடும். அதற்கு அப்பால், பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல், நாலைந்து தடங்கள் கொண்ட ஒரு மறைவு யார்டு. அங்கே ஒருவர் உட்கார வேண்டும். அவருக்குப் பெயர் "தாராபுரம்". டென்னி பாதிரியாரும் இப்படித்தான் மறுமுனை ஸ்டேஷனுக்குத் தன் மகனை உட்காரவைத்திருந்தார். மகனுக்குப் பதிலாக வேலை செய்ய ஒரு தானியங்கி இயந்திரம் செய்து, அதற்கும் மகன் பெயரையே வைத்தாராம். உங்களில் யார் தாராபுரம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள், வாரம் ஒருவராக.

எட்டடிக்கு நாலடி பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்துச் சுவரோரம் சேர்த்து வையுங்கள்: பதினாறு அடி நீளம், இரண்டடி அகலம். சுற்றிச் சுற்றி ஓடும் ரயிலுக்குப் போகிற இடம் இல்லை. உங்களுக்குக் கால் மணி நேரத்தில் சலித்ததும் அதனால்தான். கடைசி ஸ்டேஷன் அப்படி இல்லை. காலையில் தாராபுரத்திலிருந்து மிக்ஸ்டு வண்டி வரும். இரண்டு பயணிகள் பெட்டி, பின்னால் மூன்று வேகன். எஞ்சினைக் கழற்றிப் பக்கத் தடத்தில் சுற்றிக்கொண்டு வந்து, வேகனை கூட்ஸ் ஷெட்டில் தள்ளி, நிறைந்த வேகனை எடுத்து, டர்ன்டேபிளில் திரும்பி, தண்ணீர் பிடித்து, மறுபடி மாட்ட வேண்டும். பந்து வாங்காமல் கைகாட்டி இறங்கக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் அந்த ஒரு வண்டிக்கே முக்கால் மணி நேரம் ஆகும். உங்களில் கடைக்குட்டிப் பெண் என்னிடம் தனியாக, "ரயில் ஓடும்போது நாங்க என்ன செய்யறதுங்க?" என்று கேட்டாள். இதுதான் தாயி நான் தரும் பதில்.

எஞ்சினிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒரு வேகன் செய்யுங்கள், நாலு சக்கர மூடு வேகன். அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் போதும். பின்பக்கத்திலிருந்து மொட்டை ஊசியால் வரிசையாக அழுத்தினால் முன்பக்கம் ரிவெட்டு எழும்பும். மூலைப் பட்டைக்குத் தறி அச்சின் பல் இருக்கிறது. கழித்துப் போட்ட அச்சு ஒன்றைப் பிரித்தால் ஆயிரக்கணக்கில் மெல்லிய இரும்புப் பட்டை. அதைவிடச் சீரான பட்டையை எந்த நாட்டிலும் வாங்க முடியாது. மீட்டர் பாதை வண்டிக்கு பஃபர் நடுவில் ஒன்றுதான், ஓரத்தில் இரண்டு வைத்துவிடாதீர்கள். எடையும் பாருங்கள்: வண்டிக்கு ஓர் அவுன்ஸ், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்பது அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தார் வகுத்த கணக்கு. மூன்றங்குல வேகனுக்கு ஏறக்குறைய 70 கிராம். எடை குறைந்தால் பாயிண்டில் தாண்டிக் குதிக்கும்.

பெயிண்ட் காய்ந்ததும் பளபளப்பாக நிற்கும். அதை அப்படியே விட மனசு சொல்லும். விடாதீர்கள். பிரேக் கட்டையிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் சக்கரத்தைச் சுற்றித் துருவாகப் படிந்திருக்க வேண்டும். கூரையில் கரி. கதவுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் மட்டும் ஆயிரம் கை பட்டுத் தேய்ந்த மினுக்கு. நம் ஊருக்குள் வந்த வண்டி என்றால் இடுப்பளவுக்குச் செம்மண். செங்கல் தூள், அடுப்புக்கரி, வீட்டு வாசல் மண் மூன்றையும் துணியில் சலித்து மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வையுங்கள். கடைசியில் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. அப்போது அந்த வேகன் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு பொம்மை மனிதர்களுக்குத் தொப்பியைச் சீவி வேட்டி கட்டினால் உடம்பு பொய் சொல்லும். நம் ஆள் அப்படி நிற்பதில்லை. கம்பியில் 19 மி.மீ. உயரத்துக்கு நீங்களே வளையுங்கள். குத்தவைத்து உட்கார்ந்திருப்பவர், துண்டை உதறித் தோளில் போடுபவர், கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டம். ரயில் இருந்தாலும் அவர்கள் நடந்துதான் போவார்கள்; ஆகவே பிளாட்பாரத்தில் வேண்டாம், பாலத்தின் மேல் ரோட்டில் வையுங்கள்.

பெரிதாகக் கட்ட வேண்டுமே என்ற கவலை வேண்டாம். ஹாம்பர்க்கில் 2001ல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டில் பதினாறு கிலோமீட்டர் தடம் இருக்கிறதாம். புனேயில் ஜோஷி என்ற ஒரு மனிதரின் ஆசை 1998ல் அருங்காட்சியகமாகவே ஆகிவிட்டது; வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். உங்களுக்குப் பதினாறு அடி போதும்.

வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பனி மலையை உடைத்துப் போட வேண்டாம். கீழே எங்காவது இறக்கி வைத்திருங்கள், செய்த கைக்கு மரியாதை உண்டு. வரும்போது பழைய தறி அச்சு இரண்டும், நான் செய்த ஒரு மாட்டு வேகனும் கொண்டுவருகிறேன். தெற்கு ரயில்வே எழுத்து போட்டிருக்கிறேன், கதவு திறக்கும், தரையில் வைக்கோல் பரப்பியாயிற்று. மாடுதான் இல்லை. காங்கேயம் காளையின் திமிலையும் கொம்பின் வளைவையும் 16 மி.மீ. உயரத்துக்குள் கொண்டுவர எனக்கு இன்னும் கை வரவில்லை. கண்ணும் முன்போல் இல்லை. கொம்பு முதலில் வெளியே விரிந்து, பின்வாங்கி, நுனியில் உள்ளே திரும்ப வேண்டும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். கன்று என்றால் செந்நிறம். உங்களில் யாருக்கு விரல் நன்றாக வளைகிறது என்று பார்த்து ஏற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கொடுமுடிப் பக்கத்துப் பெரியப்பா